ஏழு முடிச்சு எலி

நான் எலிக்குச் சீட்டு எழுதிய ஆள். எட்டு வருடம் அதுதான் என் உத்தியோகம். வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் உம்மா, "சுகாதாரக் கந்தோரில கிளாக்கர்" என்பார். கேட்டவர்களும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். காலையில் பாலத்தைத் தாண்டிக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக நிமிர்ந்து உட்காருவேன். கோட்டுக் கையில் பினைல் வாடை அடிக்கும். பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்தால், ஆஸ்பத்திரி வேலை என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

எலி என்ற சொல்லையே வாயில் எடுக்க வெட்கப்பட்ட அந்த இளந்தாரியை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உண்மையாகவே வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்றை அவன் பிறகு செய்தான். செய்த அன்று அவனுக்கு வெட்கம் வரவில்லை. பயம் மட்டும்தான் வந்தது. வெட்கம் பிறகு வந்து என்னோடேயே தங்கிவிட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசி வருடங்கள் அவை. கொழும்பில் பிளேக் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும் அரிசி மூட்டையோடு எலியும், எலியின் மயிருக்குள் தெள்ளுப் பூச்சியும், தெள்ளின் வயிற்றுக்குள் நோயுமாக ரயில் ஏறிக் கண்டிக்கு வந்துவிடும் என்று பயந்தார்கள். மனிதருக்குக் காய்ச்சல் வந்த பிறகு ஓடித் திரிவதில் பயனில்லை, எலிக்கு வருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதற்காக எங்கள் கந்தோரைத் திறந்திருந்தார்கள். கந்தோர் என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு நீளக் கொட்டில். ஒரு முனையில் என் மேசை, ஒரு கதிரை, ஓர் அலுமாரி. நடுவில் பலகைத் தடுப்பு. மறு முனையில் டாக்டரின் அறை. எலி வளையானாலும் தனி வளை என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன்.

எங்களிடம் ஆறு எலிக்காரர்கள் இருந்தார்கள். பின்னேரத்தில் கம்பிக் கூடுகளில் சுட்ட தேங்காய்ச் சொட்டு வைத்து வீடுகளிலும் கடைகளிலும் கொண்டுபோய் வைப்பார்கள். காலையில் போய் எடுத்து வருவார்கள். எலி விழுந்த கூட்டை அப்படியே துணிப் பைக்குள் இறக்கி வாயைக் கட்டிவிட வேண்டும். எலி தப்பிவிடும் என்பதற்காக அல்ல, அதன் மேலுள்ள தெள்ளு தப்பிவிடும் என்பதற்காக. தானாகச் செத்துக் கிடக்கும் எலி கிடைத்தால் அதையும் இடுக்கியால் எடுத்து இன்னொரு பைக்குள் போடுவார்கள். உயிரோடு பிடிபட்ட இருபது எலியை விடச் செத்துக் கிடந்த ஒரு எலிதான் எங்களுக்குப் பெரிது. பூனையும் கடிக்காமல், மருந்தும் வைக்காமல் ஒரு எலி சும்மா விழுந்து செத்தால், ஏன் செத்தது என்று யாராவது கேட்டாக வேண்டும். கேட்பது டாக்டரின் வேலை. எங்கே செத்தது என்று எழுதுவது என் வேலை.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபக்காரர் அல்ல, ஆனால் அரைகுறை வேலையைப் பொறுக்க மாட்டார். உயிருள்ள எலியை மயக்கிக் கொன்று, வெள்ளைப் பீங்கான் பூசிய தட்டில் போட்டுச் சின்னச் சீப்பால் சீவுவார். உதிர்ந்த தெள்ளுகளை ஒவ்வொன்றாக எண்ணி, கண்ணாடிக்குக் கீழ் வைத்து எந்தச் சாதித் தெள்ளு என்று பிரிப்பார். பிறகு எலியை அறுத்து, கழுத்தில் கட்டி இருக்கிறதா, மண்ணீரல் வீங்கி இருக்கிறதா என்று பார்ப்பார். ஈரலில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் குனிவார். சுவரில் கண்டி நகரத்தின் படம் ஒன்று தொங்கியது. சுத்தமான எலிக்கு வெள்ளைத் தலை ஊசி, செத்துக் கிடந்ததற்குக் கறுப்பு, நோய் கண்டதற்குச் சிவப்பு. நான் சேர்ந்து மூன்று வருடமாகியும் அந்தப் படத்தில் ஒரு சிவப்பு ஊசி ஏறவில்லை.

சேர்ந்த முதல் நாளே டாக்டர் என்னைப் படத்தின் முன் நிறுத்திச் சொன்னார்: "இஞ்ச பாரும். எலி எங்க கிடைச்சதெண்டு தெரியாட்டா அது வெறும் குப்பை. நீர் எழுதுற சீட்டுத்தான் எலி."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. என் கையெழுத்து அழகானது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடைத்தெருவையும், மஹய்யாவவில் கூலிக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக இருந்த லயங்களையும் ஒரே எலிக்காரர்தான் பார்த்தார். மலைநாட்டுத் தமிழர், என்னை விடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை "நீ" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை "கிளாக்கரையா" என்பார். இருவருக்கும் அது சாதாரணமாகவே பட்டது, அல்லது எனக்கு மட்டும் அப்படிப் பட்டது. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதனால் பையின் வாயைக் கட்டும் கயிற்றிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கடைத்தெரு என்றால் சணல் நூல், மஹய்யாவ என்றால் தென்னந்தும்புக் கயிறு. தெருமுனையிலிருந்து எத்தனையாவது வாசலோ அத்தனை முடிச்சு. காலையில் பைகளை என் மேசைக்கு முன் வரிசையாக வைத்துவிட்டு, காலிக் கூடுகளைக் கழுவத் தண்ணீர்ப் பைப்படிக்குப் போய்விடுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். நான் முடிச்சை எண்ணிச் சீட்டு எழுதி, அதைப் பையில் கட்டி, அவருடைய கயிற்றை வெட்டிக் கீழே தகரத்தில் போடுவேன். மூன்று வருடத்தில் ஒரு நாளும் அவர் முடிச்சு பிழைத்ததில்லை.

கடைத்தெருவில் ஏழாவது வாசல் என் மாமாவின் அரிசிக் கடை. உம்மாவின் கூடப்பிறந்தவர். அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைக்குப் போனேன். கடையிலேயே படுத்து எழும்பும் மூட்டைக்காரர் ஒருவர் இருந்தார். இந்தியக் கரையிலிருந்து தனியாக வந்தவர். நான் போனால் தோள் துண்டால் கதிரையைத் தட்டித் துடைத்து, "உட்காருங்க மாப்பிள்ளை" என்று சிரித்துவிட்டுப் பிளேன்டீ வாங்கப் போவார். அன்றும் அப்படித்தான் போனார்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "மருமகன், ஒங்கட ஆக்கள் இந்தப் பக்கம் கூடு வெக்கிறது எனக்குச் சரியாப் படல்ல. மத்தக் கடக்காரனெல்லாம் பாக்கிறான். கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் ஈக்கி. கட நெறய அரிசி ஈக்கி. ஒண்டு கெடக்க ஒண்டு எழுதிப் போட்டாங்களெண்டா என்னத்த செய்ய?"

"நான்தானே மாமா எழுதுறது" என்று சொன்னேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். என் உத்தியோகத்தால் மாமாவுக்கு ஒரு பயன் உண்டு என்று காட்ட எனக்கு வேறு வழி இருக்கவில்லை. மாமா என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குத் தேவைப்பட்டது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

பதினொரு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. மார்கழிக் குளிர். எலிக்காரர் பைகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது பை அசையவில்லை. உள்ளே கூடும் இல்லை. சணல் நூல். எண்ணினேன். ஏழு முடிச்சு. மறுபடி எண்ணினேன்.

மாமாவின் கடையில் ஒரு எலி தானாகச் செத்திருக்கிறது. நான் சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினால் இன்று பின்னேரமே கறுப்பு ஊசி ஏறும். கறுப்பு மட்டும் என்றால் பரவாயில்லை, சிவப்பாகிவிட்டால் கடையை மூடுவார்கள். தரையைக் கிண்டுவார்கள், கந்தகப் புகை போடுவார்கள், மூட்டைகளை வெளியே இழுப்பார்கள். ஊர் முழுக்கக் கதை பரவும். பிளேக் கண்ட வீட்டில் கலியாணமா? அதையெல்லாம் ஒரு நிமிடத்தில் நினைத்து முடித்தேன். அடுத்த நிமிடத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லத் தொடங்கினேன். செத்த எலிகளில் பெரும்பாலானவை சும்மா செத்தவை. மூன்று வருடத்தில் சிவப்பு ஊசி ஏறியதா? இல்லை. இன்றைக்கு மட்டும் ஏறவா போகிறது? சந்தேகத்துக்காக எதற்கு ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுக்க வேண்டும்?

ஐந்தாவது பையில் உயிருள்ள எலி ஒன்று கூட்டைப் பிராண்டிக்கொண்டிருந்தது. தும்புக் கயிறு, நாலு முடிச்சு. மஹய்யாவ, நாலாவது அறை.

இரண்டு சீட்டு எழுதினேன். "கடைத்தெரு, ஏழாம் வாசல், உயிருள்ளது." "மஹய்யாவ, நாலாம் அறை, செத்தது." ஒன்றை இதிலும் ஒன்றை அதிலும் கட்டினேன். சணலையும் தும்பையும் வெட்டித் தகரத்தில் போட்டேன். எழுத்து வழக்கம்போல் அழகாக இருந்தது. வெளியே பைப்படியில் எலிக்காரர் கூடுகளைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

பகல் தொழுகைக்குப் போய் வந்து உட்கார்ந்தபோது டாக்டர் தடுப்புக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். "ஒருக்கா இஞ்ச வாரும்."

செத்த எலி அறுத்து விரித்துக் கிடந்தது. மண்ணீரல் கறுத்து வீங்கியிருந்தது. நுணுக்குக்காட்டியில் என்னைப் பார்க்கச் சொன்னார். நீலச் சாயம் ஏறிய சின்னச் சின்னக் குச்சிகள், இரண்டு முனைகள் மட்டும் கறுத்து. நான் ஒன்றும் படித்தவன் அல்ல, ஆனால் அந்தப் படத்தை அவர் புத்தகத்தில் பல தடவை காட்டியிருக்கிறார்.

"வந்திட்டுது" என்றார் டாக்டர். அதோடு விடவில்லை. எலியின் வயிற்றை இடுக்கியால் விரித்துக் காட்டினார். "ஆனா ஒண்டு விளங்கேல்ல. வயிறு நிறைய அரிசி. தீட்டின வெள்ளை அரிசி. மேலில இருந்த தெள்ளும் அரிசிக் கடைப் பக்கம் காணுற தெள்ளு. மஹய்யாவ லயத்தில எலிக்கு இவ்வளவு அரிசி எங்கால?"

அவர் கேட்டது சந்தேகத்தில் அல்ல, நியாயமான யோசனையில். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. சீட்டு மாறிவிட்டது ஐயா, கைப்பிழை என்று சொல்லியிருந்தால் ஒரு ஏச்சோடு போயிருக்கும்.

"அவங்க மாச அரிசியை மொத்தமா வாங்கி அறைக்குள்ள வைப்பாங்க சேர். சிந்திக் கிடக்கும்" என்றேன்.

காலையில் செய்ததைப் பயத்தில் செய்தேன் என்று யாராவது எனக்காக வாதாடலாம். இதற்கு ஒரு வக்கீலும் கிடைக்க மாட்டார். மஹய்யாவ லயத்துக்குள் நான் அதுவரை ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவர்கள் அரிசியை எப்படி வைப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் டாக்டர் நம்பினார். ஏழை வீடு என்றால் எதையும் நம்பிவிடலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. "அப்பிடியும் இருக்கலாம்" என்று சொல்லி, எழுந்துபோய் மஹய்யாவவில் சிவப்பு ஊசியைக் குத்தினார்.

மறுநாள் காலை ஆட்களோடு லயத்துக்குப் போனோம். அறைவாசிகளின் பெயர்களை எழுத நானும் போக வேண்டியிருந்தது. எட்டு அறைகள் கொண்ட லயம். எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்கள். நாலாவது அறையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள், பின்னால் இன்னொரு பிள்ளை. அதற்குப் பின்னால் குனிந்து வெளியே வந்தவர் எங்கள் எலிக்காரர்.

மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் பார்த்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. நாலு முடிச்சுத் தும்புக் கயிறு எத்தனையோ தடவை என் மேசைக்கு வந்திருக்கிறது. அது அவருடைய சொந்த வாசல். தன் வீட்டு எலியையும் மற்ற வீட்டு எலியைப்போலவே கட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

டாக்டர் அவரைக் கண்டு திகைத்தார். "இது உம்மட அறையோ? இந்தச் செத்த எலியை நீர்தான் எடுத்தீரோ?"

எலிக்காரர் டாக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்க்கவில்லை. அவர் நாலாம் அறையில் பிடித்தது உயிருள்ள எலி. செத்த எலியை எங்கே எடுத்தார் என்பதும், இரண்டுக்கும் நடுவில் யார் கை இருந்தது என்பதும் அவருக்கு அந்த ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

"சீட்டுல எழுதியிருந்தா சரிதானுங்கையா" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். கிளாக்கர் எழுதியதற்கு எதிராக எலிக்காரர் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைத்திருப்பார். அது சரியான கணக்குத்தான். என்னைக் காப்பாற்றச் சொன்னார் என்று மட்டும் நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பாத்தீரோ? தன்ர வீட்டு எலியெண்டும் பாராமல் கொண்டந்து தந்திருக்கிறார். இப்பிடி ஒரு ஆள் இருந்தால்தான் எங்கட வேலை நடக்கும்." நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

அறைகளைக் காலி செய்தார்கள். பாய், தலையணை, துணிமூட்டை எல்லாம் முற்றத்தில் குவிந்தன. அந்தப் பெண் குவியலிலிருந்து இரண்டு கம்பளிகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "இத மட்டும் விட்டுடுங்கையா. பிள்ளைங்க குளுருல எப்புடிப் படுக்கும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். கையில் காகிதம் இருந்ததால் நான்தான் பெரிய ஆள் என்று நினைத்திருப்பாள். கம்பளிக்குள்தான் தெள்ளு இருக்கும் என்று டாக்டர் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை, அந்த வீட்டில் நோய் இருந்திருந்தால். எலிக்காரரே அவள் கையிலிருந்து கம்பளிகளை வாங்கி நெருப்பில் போட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டையும் ஒரே முற்றத்தில் நின்று பார்த்தேன்.

லயத்துச் சனத்தை நகரத்துக்கு வெளியே தகரக் கொட்டில் முகாமில் பதினான்கு நாள் வைத்தார்கள். இருந்த கூடுகளை எல்லாம் டாக்டர் சிவப்பு ஊசியைச் சுற்றி மஹய்யாவவில் வைக்கச் சொன்னார். கடைத்தெருவில் இருந்த கூடுகளும் அங்கே போயின. ஏழாம் வாசல் சுத்தமென்று சீட்டில் இருந்ததே! மாமாவுக்கு மகிழ்ச்சி. கலியாணச் சட்டைக்கு அளவு எடுக்க ஆள் அனுப்பினார். மஹய்யாவவில் பிடித்த எலிகள் எல்லாம் சுத்தமாகவே வந்தன. "ஒரு எலிக்கு வந்து மற்றதுக்கு வராமல் எப்பிடி?" என்று டாக்டர் படத்தின் முன் நின்று தாடையைச் சொறிவார். தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்து, முடிச்சு எண்ணிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுகிறேன் என்று பஸ் ஏறுவேன். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் திரும்புவேன்.

முகாமிலிருந்து வந்த அடுத்த நாள் காலை எலிக்காரர் கந்தோருக்கு வந்தார். கையில் ஒரே ஒரு பை. கடைத்தெருப் பக்கம் போகச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை. தானாகவே போய், கடைகளுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையின் வடிகானில் பார்த்திருக்கிறார். பைக்குள் மூன்று செத்த எலிகள். சணல் நூல், ஏழு முடிச்சு. பையை மேசைக்கு முன் வைத்தார். பைப்படிக்குப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

"எழுதுங்கையா" என்றார்.

எழுதினேன். கடைத்தெரு, ஏழாம் வாசல், செத்தவை மூன்று. அழகான என் எழுத்து அன்று கோணிக்கொண்டு போனது.

"வாசிங்கையா."

வாசித்தேன். "சரிங்கையா" என்று சொல்லிவிட்டுக் கூடு கழுவப் போனார்.

அன்று பகலே டாக்டர் ஆட்களோடு மாமாவின் கடைக்குப் போனார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், சாக்கைப் போர்த்திக்கொண்டு மூட்டைக்காரர் கிடந்தார். நாலு நாளாகக் காய்ச்சல், தொடையிடுக்கில் கட்டி. வெளியே தெரிந்தால் கடை போய்விடும் என்று மாமா அவரை உள்ளேயே வைத்துக் கஷாயம் கொடுத்திருக்கிறார். செத்த எலிகளை வாலைப் பிடித்து வடிகானில் போட்டவர் அந்த மூட்டைக்காரர்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டாம் நாள் இறந்துபோனார். பெட்டிக்குப் பின்னால் நடக்கச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. நானும் போகவில்லை. அவர் தட்டித் துடைத்துத் தந்த கதிரையில் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன்! முதல் சீட்டை நேராக எழுதியிருந்தால் கடையை அன்றே மூடியிருப்பார்கள், அவரும் உயிரோடு தன் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். இதற்கு நான் வேறு விளக்கம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் எல்லா எலிக்காரர்களையும் கூட்டி வைத்துப் பேசினார். முதல் எலி கடைத்தெருவிலிருந்து அரிசிச் சாக்கோடு லயத்துக்குப் போயிருக்கும் என்று அவரே ஒரு விளக்கம் கண்டிருந்தார். பேச்சின் நடுவில் என் தோளில் கை வைத்தார். "சொந்த மாமன்ர கடையெண்டும் பாராமல் உள்ளதை உள்ளபடி எழுதினவர். இப்பிடி ஒரு ஆள் இருந்தால்தான் எங்கட வேலை நடக்கும்." மற்றவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எலிக்காரர் வரிசையின் கடைசியில் நின்றார். அவரும் பார்த்தார். பூமி பிளந்து விழுங்காதா என்று கதைகளில் எழுதுவார்களே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் டாக்டருக்கு நன்றி சொன்னேன்.

இரண்டு கம்பளி வாங்கினேன். நேரில் கொடுக்கத் தைரியமில்லை. கந்தோரிலிருந்து கொடுக்கச் சொன்னதாகச் சொல்லி, இன்னொரு எலிக்காரர் கையில் கொடுத்தனுப்பினேன். மறுநாள் பைகளை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "கம்பளி வந்துச்சுங்கையா. கந்தோருக்குச் சொல்லிடுங்க." யார் வாங்கியது என்று அவருக்குத் தெரியும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்க அதுவும் ஒரு வாசலாக இருந்தது. "சரி" என்று மட்டும் சொன்னேன். "சரிங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

மாமா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு கடை திறந்தது, கோபம் தணிந்தது, கலியாணமும் நடந்தது. என் மனைவிக்கு என் மேல் பெரிய மதிப்பு. அதற்குக் காரணம் அந்த இரண்டாவது சீட்டு. விருந்தாளிகள் வந்தால் சொல்லுவாள்: "எண்ட வாப்பாட கடயெண்டும் பாக்கல்ல இவர். கலியாணம் நிண்டாலும் காரியமில்ல எண்டு எழுதின மனிசன்." பிள்ளைகளும் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழுந்து உள்ளே போய்விடுவேன். அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு, சோறு போட்டவளே சாட்சி சொன்னாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்தக் கந்தோரில் இருந்தேன். எலிக்காரர் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, மரியாதை குறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் பைகளை வைத்துவிட்டு மேசைக்கு முன் நிற்பார். நான் எழுதி முடித்ததும், "வாசிங்கையா" என்பார். ஒவ்வொரு சீட்டாக வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் தன் கயிற்று முடிச்சை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரிங்கையா" என்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் கூடு கழுவப் போவார். மழை நாளிலும், நோன்பு நாளில் என் தொண்டை வறண்டு கிடக்கும்போதும் அப்படித்தான். மற்ற எலிக்காரர்கள் சிரிப்பார்கள். கிளாக்கரையாவின் குரல் இனிமையாக இருக்கிறதோ என்று கேலி செய்வார்கள். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லா எலிக்காரர்களுக்கும் கிளாக்கர் வாசித்துக் காட்டுவது நல்ல முறைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிற்காலத்தில் அதை நான் கொண்டுவந்த ஏற்பாடுபோல டாக்டரிடம் சொல்லியும் இருக்கிறேன். என் வெட்கம் அவ்வளவுதான் வளர்ந்திருந்தது.

பிறகு எனக்கு வேறு கந்தோரில் வேலை கிடைத்தது. என் இடத்துக்குப் புதிய கிளாக்கர் ஒருவர் வந்தார். கடைசி நாள் காலை வேலையைக் காட்டிக் கொடுப்பதற்காக அவரை என் கதிரையில் உட்கார வைத்து, நான் அலுமாரிப் பக்கம் நின்றேன். சணல் என்றால் கடைத்தெரு, தும்பு என்றால் மஹய்யாவ என்று சொல்லிக் கொடுத்தேன். இந்த ஆள் கொஞ்ச நேரம் நிற்பார், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன்.

எலிக்காரர் வந்தார். பைகளை வரிசையாக வைத்தார். புதிய கிளாக்கர் பேனாவை எடுத்துக்கொண்டு, வாசிப்பதற்குத் தயாராக நிமிர்ந்து பார்த்தார்.

எலிக்காரர் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காலிக் கூடுகளைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.